இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு, ஒரே உடம்பு

அக்காவின் கட்டில் தலைமாட்டில் எப்போதும் ஒரு டப்பா இருக்கும். நூறு மாத்திரை கொண்ட தைராய்டு டப்பா. விடிகாலை ஐந்தரைக்கு எழுந்ததும் ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். அதற்குப் பிறகு வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, பால் வாங்கி அடுப்பில் வைக்க முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை காபி வாயில் படாது. டாக்டர் சொன்னதை ஒரு விரதம்போல் 11 வருடம் காத்தவள் அவள். தினம் 75 மைக்ரோகிராம். வருடத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. டி.எஸ்.எச். அளவு இரண்டு, இரண்டரைக்கு மேல் போனதே இல்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் போனில், "முடியலடி. மாடிப்படி ஏறினா காலு கல்லாட்டம் கனக்குது. காலைல கண்ணாடி பாத்தா யாரோ நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். நேரில் போய்ப் பார்த்தேன். முகம் உப்பியிருந்தது. குரல் கட்டையாகியிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன சொல்ல வந்தோம் என்பது மறந்து நின்றாள். வயது 48தான். "வயசாகுதில்ல" என்று காரணத்தையும் அவளே சொல்லிக்கொண்டாள்.

ரத்தம் கொடுத்தோம். டி.எஸ்.எச். பதினொன்றைத் தாண்டியிருந்தது. நான்கைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பார்கள்.

"மாத்திரைய ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்று தைராய்டு டாக்டர் கேட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருநாள்கூட விடாதவளிடம் கேட்கும் கேள்வியா அது? "வேற ஏதாவது மாத்திரை புதுசா ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்று அடுத்துக் கேட்டார். "இல்லைங்க டாக்டர்" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. நான்கு மாதத்துக்கு முன் மகளிர் மருத்துவர் அவளுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதியிருந்தார். கர்ப்பப்பையில் கட்டி என்று 46 வயதில் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தாகிவிட்டது. மறு மாதமே உடம்பெல்லாம் அனல். நடு ராத்திரியில் நைட்டி நனைய வேர்த்து எழுந்து உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த மாத்திரைக்குப் போனாள். அனல் அடங்கியது, தூக்கம் வந்தது. ஆனால் அக்கா கணக்கில் அது "கர்ப்பப்பை டாக்டர் கொடுத்தது." தைராய்டு டாக்டர் கேட்பது தைராய்டு சம்பந்தமான மாத்திரையை. அதற்கும் இதற்கும் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பத்தாயிரத்தில் இரண்டு

கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் தைராய்டு சுரப்பி பெரும்பாலும் தைராக்ஸின் என்ற ஹார்மோனைத்தான் சுரக்கிறது. ரிப்போர்ட்டில் 'டி4' என்று வருவது அதுதான். அது ரத்தத்தில் தனியாக அலைவதில்லை. கல்லீரல் செய்து அனுப்பும் சில புரதங்களின் மேல் ஏறிக்கொண்டுதான் போகிறது. அவற்றில் முக்கியமான புரதத்துக்கு, தைராக்ஸினைப் பிடித்து வைப்பது என்ற பொருளில், டி.பி.ஜி. என்று பெயர். முக்கால் பங்கு தைராக்ஸின் அதனிடம்தான் இருக்கும். மீதி பெரும்பாலும் வேறு இரண்டு புரதங்களிடம். எதிலும் ஒட்டாமல் இருப்பது பத்தாயிரம் மூலக்கூறில் இரண்டோ மூன்றோதான்.

இதயத்துக்கும் மூளைக்கும் குடலுக்கும் தசைக்கும் வேலை செய்வது அந்த இரண்டு மூன்றுதான். புரதத்தில் ஒட்டியிருப்பது கையிருப்பு. செல்லுக்குள் நுழைய அதற்கு வழியில்லை. 'ஃப்ரீ டி4' என்று லேபில் தனியாக அளப்பது இந்த ஒட்டாத பங்கை. அது குறைந்தால் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி உடனே கண்டுகொள்கிறது. டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூட்டி அனுப்பித் தைராய்டை வேலை வாங்குகிறது. அதனால்தான் தைராய்டு மந்தமாக இருப்பவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறுகிறது. முதன்முதலாக ரிப்போர்ட்டைப் பார்க்கிறவர்கள் பலரும் இதில்தான் குழம்புவார்கள். எண் கூடினால் சுரப்பு குறைந்திருக்கிறது என்று பொருள்.

இப்போது ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உள்ளே வருகிறது. குடலில் கரைந்து, அங்கிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. விழுங்கும் எந்த மருந்துக்கும் முதல் வாசல் கல்லீரல்தான். அங்கே உருவாகும் டி.பி.ஜி. புரதத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைத் துணுக்குகள் ஈஸ்ட்ரோஜனால் கூடுகின்றன. அது கூடிய புரதத்தை உடம்பு சீக்கிரம் அப்புறப்படுத்துவதில்லை. ரத்தத்திலேயே அதிக நாள் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஸாமுவேல் ரெஃபெடாஃப் குழுவினர் 1987இல் காட்டியது இதை. புரதம் தேங்கத் தேங்க அதில் தைராக்ஸின் உட்கார இடமும் பெருகுகிறது.

புதுப் பானை வாங்கிவந்தால் முதலில் ஊற்றுகிற தண்ணீரைப் பானையே குடித்துவிடும். அதைப் பார்த்திருப்பீர்கள். கொல்லையில் கிணறு இருக்கிற வீட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு வாளி இறைத்துக்கொள்ளலாம். தினமும் இத்தனை குடம் என்று லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில்தான் அன்றைக்குச் சமையலுக்கே தட்டுப்பாடு வரும்.

தைராய்டு நன்றாக வேலை செய்யும் பெண் கிணறு இருக்கிற வீடு. ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போட்டால் அவளுடைய சுரப்பி கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். ஒட்டாத பங்கு பழையபடியே இருக்கும், டி.எஸ்.எச். பழையபடியே இருக்கும், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அக்கா போன்றவர்களுக்கு ஈடுகட்டச் சுரப்பி இல்லை. 75 என்றால் 75தான். அதற்குமேல் ஒரு துளி எங்கிருந்து வரும்?

நாற்பத்தைந்து வருட இடைவெளி

இந்தப் பிணைப்புப் புரதத்தின் கதை ஒன்றும் புதிதில்லை. ரத்தத்தில் தைராக்ஸினைச் சுமக்கும் புரதம் ஒன்று இருக்கிறது என்பது 1952இல் தெரிந்துவிட்டது. அந்தக் குழுவில் இருந்த ராஸலிண்ட் பிட்-ரிவர்ஸும் ஜாக் கிராஸும் அதே ஆண்டு டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனையும் கண்டுபிடித்தவர்கள். அந்தக் காலத்து டாக்டர்களுக்கு ஒரு புதிர் இருந்தது. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் தைராய்டு அளவு ஏகமாக ஏறியிருக்கும். ஆனால் தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களிடம் தெரியும் படபடப்பு, கை நடுக்கம், எடைக் குறைவு ஒன்றும் அவர்களிடம் இருக்காது. டவ்லிங், ஃப்ரெய்ங்கெல், இங்பர் மூவரும் 1956இல் விடை சொன்னார்கள். கர்ப்பிணியின் ரத்தத்தில் ஏறியிருப்பது சுமக்கும் புரதத்தின் கொள்ளளவு. செயற்கை ஈஸ்ட்ரோஜனான டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ராலைக் கொடுத்தாலும் அதே மாற்றம் வருகிறது என்றும் காட்டினார்கள்.

நான்கு வருடத்தில், 1960இல், அமெரிக்காவில் எனோவிட் என்ற மாத்திரைக்குக் கருத்தடைக்கென்று அனுமதி கிடைத்தது. கர்ப்பிணிக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் கலவை, பிரெமரின் என்ற பெயரில், 1942 முதலே மாதவிடாய் நின்ற பெண்களுக்காக அங்கே விற்பனையில் இருந்தது. கோடிக்கணக்கான பெண்கள் ஈஸ்ட்ரோஜனை விழுங்கினார்கள். அவர்களில் தைராய்டு மாத்திரையை நம்பி வாழ்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். "இரண்டையும் சேர்த்துப் போடும் பெண்ணுக்கு என்ன ஆகும்?" என்ற கேள்வியை நேராகக் கேட்டு, வாரக் கணக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துப் பதில் சொன்ன ஆய்வு 2001இல்தான் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. செய்தவர் கிளீவ்லாந்தைச் சேர்ந்த பஹா அராஃபா.

அவர் எடுத்துக்கொண்டவர்கள் மாதவிடாய் நின்ற பெண்கள். தைராய்டு நன்றாக இருந்த 11 பேர், தைராய்டு மாத்திரையை நம்பியிருந்த 25 பேர். எல்லோருக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. 12 வாரத்தில் இரு தரப்பும் பிரிந்துபோனது. தைராய்டு நன்றாக இருந்தவர்களுக்கு மொத்த டி4 ஏறியது, ஒட்டாத பங்கும் டி.எஸ்.எச்.சும் அசையவில்லை. மாத்திரையை நம்பியவர்களுக்கு ஒட்டாத பங்கு குறைந்தது, டி.எஸ்.எச். ஏறியது. சுரப்புக் குறைவுக்காக மாத்திரை போட்ட 18 பேரில் 7 பேருக்கு டி.எஸ்.எச். ஏழைத் தாண்டியது. மீதி 7 பேர் வேறு காரணத்துக்காக டி.எஸ்.எச்.சை அடக்கிவைக்கும் அளவில் தைராக்ஸின் எடுத்தவர்கள். அவர்களிலும் 3 பேருக்கு அது ஒன்றைத் தாண்டிவிட்டது. தைராய்டு புற்றுநோய்க்குச் சுரப்பியை எடுத்தவர்களுக்கு டி.எஸ்.எச்.சை வேண்டுமென்றே அடக்கிவைப்பதுண்டு. அவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

கவனியுங்கள்: 18 பேரில் 11 பேர் ஏழைத் தாண்டவில்லை. ஆகவே ஈஸ்ட்ரோஜன் ஆரம்பித்த எல்லோருக்கும் தைராய்டு மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்று யாரும் புறப்பட வேண்டாம். யாருக்கு ஏறும், யாருக்கு ஏறாது என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஈஸ்ட்ரோஜன் அந்தப் புரதத்தை ஏற்றுவதைக் கண்டது 1956. அந்தப் புரதத்தால் அவதிப்படும் பெண்ணை அளந்து பார்த்தது 2001. இடையில் 45 வருடம். அந்த 45 வருடத்தில் எத்தனை பெண்கள், "மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா?" என்ற கேள்வியைக் கேட்டுத் தலை குனிந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

வாய் வழி, தோல் வழி

ஈஸ்ட்ரோஜன் மேல் பழி போடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிக்கல் பெரும்பாலும் அது உள்ளே போகும் வழியில் இருக்கிறது. விழுங்கினால் முழு மருந்தும் முதலில் கல்லீரலில் போய் இறங்குகிறது. தோலில் ஒட்டும் பட்டையாகவோ, கையில் தடவும் ஜெல்லாகவோ எஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜன் போனால் அது நேராக ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் பரவி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கல்லீரலை எட்டுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இரண்டு வழியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. விழுங்கியபோது டி.பி.ஜி. சுமார் 40 சதவிகிதம் ஏறியது. தோல் வழியாகக் கொடுத்தபோது ஏறவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஜெல் நம் ஊரிலும் கிடைக்கிறது. எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் இருக்காது, விலையும் மாத்திரையைவிடக் கூடுதல். ஆனால் தைராய்டு மாத்திரை போடும் ஒருவர் அனல் தாங்காமல் ஈஸ்ட்ரோஜனுக்குப் போகும்போது "ஜெல்லாக் கொடுக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை. பிறப்புறுப்பு வறட்சிக்குக் குறைந்த அளவில் உள்ளே தடவும் கிரீம்கள் இந்தக் கணக்கில் பெரிதாக வராது.

சினைப்பையைத் திடீரென்று இழந்த பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் சும்மா ஒரு சவுகரியமில்லை. தூக்கம், எலும்பு, மனநிலை எல்லாம் அதில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. தைராய்டைக் காரணம் காட்டி அதை நிறுத்திவிட்டு மறுபடி அனலில் வேக வேண்டியதில்லை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கலாம். இரண்டையும் ஒரே கண் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏழு கறுப்பு மாத்திரைகள்

இதுவரை சொன்னது அக்கா வயதுக்காரர்களுக்கு. இளம்பெண்கள் பக்கம் திரும்பினால் கூட்டம் இன்னும் பெரிது. சென்னை உள்பட எட்டு நகரங்களில் 5,000 பேருக்கு மேல் பரிசோதித்து 2013இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் ஏறத்தாழ 11 சதவிகிதம் பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருப்பதாகச் சொன்னது. அதில் பெண்களே அதிகம். பிசிஓடி என்று மாதவிடாய் தள்ளிப்போகும் கல்லூரிப் பெண்களுக்கு, சுழற்சியை ஒழுங்குபடுத்த எழுதப்படுவது பெரும்பாலும் கருத்தடை மாத்திரைதான். அவர்களில் கணிசமானவர்களுக்குத் தைராய்டு மாத்திரையும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரே டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இரண்டு அட்டையையும் வைத்துக்கொண்டு ஹாஸ்டலில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்!

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படும் மாலா-என், கடையில் மலிவாகக் கிடைக்கும் மாலா-டி இரண்டிலும் மருந்து ஒன்றுதான். லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எதினைல் எஸ்ட்ராடியோல் 0.03 மில்லிகிராம். இந்த எதினைல் எஸ்ட்ராடியோல் உடம்பில் ஊறும் ஈஸ்ட்ரோஜனைவிடக் கல்லீரலில் வலுவாக வேலை செய்யும் ஈஸ்ட்ரோஜன். தம்மாத்துண்டு அளவுதானே என்று நினைக்க முடியாது.

அந்த அட்டையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். மொத்தம் 28. வெள்ளையாக 21, அவைதான் ஹார்மோன். கடைசி வரிசையில் கறுப்பாக 7. மாதவிடாய் வரும் அந்த ஏழு நாளில் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கவும், ரத்தசோகைக்கு உதவவும் வைத்த இரும்புச்சத்து மாத்திரைகள் அவை. நல்ல யோசனைதான். ஆனால் இரும்புச்சத்து, குடலில் தைராக்ஸினோடு ஒட்டிக்கொண்டு அதை உறிஞ்சவிடாமல் செய்யும். கால்சியம் மாத்திரையும் அப்படியே. அதனால்தான் தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி விடச் சொல்கிறார்கள். மறந்துபோகும் என்று தைராய்டு மாத்திரையையும் இந்தக் கறுப்பு மாத்திரையையும் காலையில் சேர்த்தே விழுங்கும் பெண்ணுக்கு, மூன்று வாரம் புரதம் ஒருபக்கம் இழுக்கிறது, நான்காவது வாரம் இரும்பு மறுபக்கம் பிடித்துக்கொள்கிறது. தீர்வு சுலபம். தைராய்டு விடிகாலையில், கருத்தடை மாத்திரை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அட்டையைக் கொடுக்கும் யாராவது அந்த அரை நிமிடத்தை ஒதுக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசியில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது, புரோஜெஸ்டோஜன் மட்டுமே. புரோஜெஸ்டோஜன் மட்டுமே உள்ள மருந்துகள் டி.பி.ஜி.யை இப்படி ஏற்றுவதில்லை. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்ஸிஃபென் ஹார்மோன் இல்லை. ஆனாலும் கல்லீரலில் ஈஸ்ட்ரோஜன்போல் நடந்துகொண்டு புரதத்தைக் கொஞ்சம் ஏற்றும். எண்டோமெட்ரியோசிஸுக்குத் தரும் டனஸால் நேர் எதிர், புரதத்தைக் குறைக்கும். அதைத் தொடங்கினால் பழைய தைராய்டு அளவு மிகையாகிப் படபடப்பு வரலாம்.

ஒரு ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது

தைராய்டுக் கோளாறே இல்லாத ஒரு பெண்ணைத் தைராய்டு நோயாளி ஆக்கிவிடும் சங்கடமும் இதே புரதத்தால்தான் வருகிறது. பிசிஓடிக்காக மாத்திரை போடும் 22 வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். முடி கொட்டுகிறது என்று தானாகவே லேபுக்குப் போய் 'தைராய்டு புரொஃபைல்' கொடுக்கிறாள். மலிவுப் பேக்கேஜில் பெரும்பாலும் அளப்பது மொத்த டி3, மொத்த டி4, டி.எஸ்.எச். ரிப்போர்ட்டில் மொத்த டி4 பன்னிரண்டைத் தாண்டித் தடித்த எழுத்தில் நிற்கும், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு. வீட்டில் ஒரே அமளி. "தைராய்டு அதிகமாயிடுச்சாம்!"

அந்தத் தடித்த எழுத்தை விட்டுவிட்டு டி.எஸ்.எச். வரியைப் பாருங்கள். அது ஒன்றரை, இரண்டு என்று அமைதியாக இருந்தால் சுரப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. நிஜமாகவே சுரப்பு மிகையானால் டி.எஸ்.எச். தரையோடு தரையாகக் கிடக்கும். இங்கே ஏறியது சுமக்கும் புரதம். அதில் உட்கார்ந்திருக்கும் டி4ஐயும் சேர்த்து இயந்திரம் எண்ணிவிட்டது. சந்தேகம் இருந்தால் ஃப்ரீ டி4 ஒன்றை மட்டும் கூடுதலாகக் கேட்டால் தெளிந்துவிடும். கருத்தடை மாத்திரை போடுவதை லேபிலும் டாக்டரிடமும் சொல்லக் கூச்சப்படும் கல்யாணமாகாத பெண்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பிசிஓடிக்காகப் போடுகிறேன் என்று சொல்வதில் என்ன கூச்சம் இருக்கிறது? கேட்பவர்களும் புருவத்தை உயர்த்தாமல் கேட்கப் பழக வேண்டும்.

முடிக்கென்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட்டுப் போவது நல்லது. பல லேப் இயந்திரங்கள் அளக்கும் முறையில் பயோட்டின் குறுக்கிட்டு டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் ஃப்ரீ டி4ஐக் கூட்டியும் காட்டிவிடும். உடம்பில் ஒன்றும் இருக்காது, காகிதத்தில் மட்டும் வியாதி இருக்கும்.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள்

இந்த விஷயத்தில் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. கர்ப்பம். அப்போது உடம்பே ஈஸ்ட்ரோஜனை வெள்ளமாகச் சுரக்கிறது, டி.பி.ஜி. இரண்டு மூன்று மடங்கு ஆகிறது. முதல் மூன்று மாதம் கருவுக்குச் சொந்தமாகத் தைராய்டு சுரப்பு கிடையாது. மூளை உருவாகும் அந்த நாட்களில் தாயிடமிருந்து வருவதுதான் அதற்கு. பாஸ்டனில் எரிக் அலெக்ஸாண்டர் குழுவினர், தைராய்டு மாத்திரை போடும் பெண்களின் 20 கர்ப்பங்களைத் தொடர்ந்து பார்த்து 2004இல் வெளியிட்டார்கள். 17 கர்ப்பங்களில் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. முதல் பாதிக்குள் தேவை சராசரியாக 47 சதவிகிதம் கூடியது. சிலருக்கு ஐந்தாவது வாரத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஐந்தாவது வாரம் என்பது, நாள் தள்ளிப்போய் வீட்டில் கிட் வைத்துப் பார்க்கும் நேரம். நம் வீடுகளில் அப்போது வெளியில் சொல்லவே மாட்டார்கள், மூன்று மாதம் போகட்டும் என்பார்கள். டாக்டரிடம் போவதும் சில வீடுகளில் அப்படியே தள்ளிப்போகிறது.

கர்ப்பம் உறுதியானதும் வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை என்று கணக்குச் சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அது அலெக்ஸாண்டரின் ஆய்வுக்குப் பிறகு வந்த வழக்கம். எந்த இரண்டு நாள் இரட்டை மாத்திரை என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், கிட்டில் இரண்டு கோடு தெரிந்த அன்றே போனில் சொல்லிவிட்டு ஆரம்பித்துவிடலாம்.

கருத்தரிப்பு மையங்களுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. நிறைய கருமுட்டைகள் வளர ஊசி போடும்போது சினைப்பைகள் சுரக்கும் எஸ்ட்ராடியோல் சாதாரண மாதத்தைவிடப் பல மடங்கு ஏறும். அந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் டி.எஸ்.எச். உயர்ந்துவிடுவதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல், முடிந்தவரை ஊசிக்கு முன்போ, போட்ட ஒன்றிரண்டு வாரம் கழித்தோ தைராய்டைப் பரிசோதிக்கச் சொல்கிறது. லட்சக்கணக்கில் கட்டி, நகையை அடகு வைத்து, லீவு போட்டு அங்கே போகும் பெண்ணுக்கு இந்த ஒரு பரிசோதனையின் செலவு ஒன்றுமே இல்லை. தவறவிட்டால் இழப்பது பணத்தில் அடங்காது.

உள்ளே வந்தாலும், வெளியே போனாலும்

ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை நிறுத்தும்போது தேங்கிய புரதம் மெல்ல வடிகிறது. கூட்டிவைத்த தைராய்டு அளவு அப்போது அதிகப்படியாகிவிடும். பிரசவத்துக்குப் பிறகும் அப்படித்தான். கூட்டினது அப்படியே ஓடினால் நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். தொடங்கும்போது பரிசோதிக்க ஞாபகம் வைத்திருப்பவர்கள்கூட நிறுத்தும்போது மறந்துவிடுகிறார்கள். நிறுத்துவதைத் தலைவலி ஒன்று குறைந்ததாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம்.

எப்போது பார்ப்பது? ஆறிலிருந்து எட்டு வாரத்தில். தைராக்ஸின் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும். எந்த மாற்றமும் நிலைக்கு வர ஐந்தாறு வாரம் ஆகும். பத்து நாளில் ஓடிப்போய்ப் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். ஈஸ்ட்ரோஜனை ஆரம்பித்தாலும், அளவை மாற்றினாலும், மாத்திரையிலிருந்து ஜெல்லுக்குப் போனாலும், நிறுத்தினாலும் ஆறாவது வாரம் ஒரு டி.எஸ்.எச். அதற்கு முன் தானாகவே தைராய்டு மாத்திரையை ஒன்றரை, இரண்டு என்று கூட்டிக்கொள்ள வேண்டாம்.

மருத்துவர்களுக்கு இது தெரியாததில்லை, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. தைராக்ஸின் மாத்திரையோடு வரும் குறிப்புத் தாளில்கூட ஈஸ்ட்ரோஜன் என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால் ஒரு பெண் தைராய்டுக்கு ஓரிடம், கர்ப்பப்பைக்கு ஓரிடம், சர்க்கரைக்கு இன்னோரிடம் என்று பிரிந்து பிரிந்து போகிறாள். ஒவ்வோர் இடத்திலும் தனி ஃபைல், தனி டோக்கன், வெளியே நாற்பது பேர் காத்திருப்பு. அவளை முழுசாகப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. புறநோயாளிச் சீட்டின் மேல்பகுதியிலேயே 'இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளும்' என்று நான்கு கோடு அச்சிட்டு வைத்தால் என்ன? செலவில்லாத காரியம். அது நடக்கும்வரை அந்த நான்கு கோட்டையும் பெண்களே ஒரு தாளில் எழுதி எடுத்துப்போக வேண்டியிருக்கிறது.

அக்கா விஷயத்தில் நாங்கள் அதைத்தான் செய்தோம். டாக்டரிடமிருந்து வந்த அன்று ராத்திரி, பச்சை ஃபைலில் இருந்த தைராய்டு சீட்டுகளையும், துணிக்கடைப் பையில் சுருட்டி வைத்திருந்த மகளிர் மருத்துவச் சீட்டுகளையும் கட்டில் மேல் தேதிவாரியாகப் பரப்பினோம். ஈஸ்ட்ரோஜன் ஆரம்பித்தது மாசி. உடம்பு கனக்க ஆரம்பித்தது சித்திரைக் கடைசி. "அட, ஆமாண்டி" என்றாள். மறுநாள் இரண்டு சீட்டையும் மேசையில் வைத்ததும் டாக்டர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். 75, 100 ஆனது. எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். இரண்டரைக்கு இறங்கியது. முகம் பழைய முகமாக இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

போன மாதம் மகளிர் மருத்துவர் அவளை ஜெல்லுக்கு மாற்றியிருக்கிறார். சீட்டைக் கையில் வாங்கியவள் எழுந்திருக்கவில்லையாம்.

"அப்ப இந்தத் தைராய்டு மாத்திரை இனிமே எனக்கு அதிகமாயிடுமில்ல டாக்டர்? ஆறு வாரம் கழிச்சு டி.எஸ்.எச். பாத்துடவா?"

அவர் பேனாவை மறுபடி எடுத்து, அதே சீட்டின் அடியில் எழுதிக்கொடுத்திருக்கிறார். அக்கா எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினாள். சீட்டுக்குப் பின்னால் சுவரில் தினசரி காலண்டர் தெரிந்தது. அதில் ஆறு வாரம் தள்ளி ஒரு தாளின் மூலையை மடித்து வைத்திருந்தாள்.